மெனு கார்டு கிடையாது... லேட்டா போனா மரியாதையும் கிடையாது! - டோக்கியோ சுஷி கவுன்டரில் சாப்பிடப் போறீங்களா?

டோக்கியோவின் கின்ஸா ரயில் நிலையத்தை ஒட்டி ஓர் ஆபீஸ் கட்டடம். அதன் அடித்தளத்தில் ஒரு சின்னக் கடை. மொத்தமே 10 சீட். மெனு கார்டு கிடையாது, ஸ்டார்ட்டர் கிடையாது. போய் உட்கார்ந்தால் ஒன்றன்பின் ஒன்றாக சுமார் 20 சுஷி வரும். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து எழுந்து வந்துவிடலாம். 2011-ல் வந்த `ஜீரோ ட்ரீம்ஸ் ஆஃப் சுஷி' ஆவணப்படத்திலேயே இந்தக் கடையின் ஆரம்ப விலை 30,000 யென். இன்றைய கணக்கில் தோராயமாக 17,000 ரூபாய். இப்போது அதைவிட அதிகம்.

"என்னது, நிமிஷத்துக்கு 500 ரூபாயா?" என்று வாயைப் பிளக்கிறீர்களா? உலகத்தில் பாதிப்பேர் அப்படித்தான் பிளந்தார்கள். கடையின் பெயர் சுகியாபாஷி ஜீரோ. அதை உலகப் புகழ் ஆக்கியவர், 1925-ல் பிறந்த ஜீரோ ஓனோ. 2007-ல் டோக்கியோவுக்கான முதல் மிஷ்லின் கைடு வெளியானபோதே மூன்று ஸ்டார் வாங்கினார். 2014-ல் அமெரிக்க அதிபர் ஒபாமாவை அன்றைய ஜப்பான் பிரதமர் ஷின்ஸோ அபே கூட்டிப்போனது இங்கேதான். 2019-ல் மிஷ்லின் பட்டியலில் இருந்து இந்தக் கடையை எடுத்துவிட்டார்கள். ருசி குறைந்துவிட்டது என்பதற்காக அல்ல. பொதுமக்களால் நேரடியாக புக் செய்ய முடியாத கடையைப் பட்டியலில் வைத்துக்கொள்ள முடியாது என்பதற்காக!

அனிமே பார்த்து வளர்ந்த நம் ஜெனரேஷனில் பலருக்கு ஜப்பான் டிரிப் என்பது பக்கெட் லிஸ்ட்டில் இருக்கிறது. அதில் `ஒருநாள் நல்ல சுஷி கவுன்டரில் உட்காரணும்' என்பதும் இருக்கும். காசு சேர்த்துவிடலாம். ஆனால் உள்ளே போனதும் எப்படி நடந்துகொள்வது? சென்ட் அடிக்கக் கூடாதாம், லேட்டாகப் போகக் கூடாதாம், வைத்தவுடனே சாப்பிடணுமாம்... கேட்டால் ஓவர் பில்டப் மாதிரிதான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போனால் பயம் போய்விடும், கொடுக்கிற காசும் வீணாகாது.

ரோட்டுக்கடையில் ஆரம்பித்த கதை

இவ்வளவு பந்தாவான சுஷி, பிறந்தது தள்ளுவண்டி மாதிரியான ரோட்டுக்கடையில்!

சுஷியின் ஆதி வடிவம் வேறு. மீனை உப்பு போட்டு, சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். சோறு என்பது மீன் கெடாமல் இருப்பதற்கான ஏற்பாடுதான். ஜப்பானின் ஷிகா மாகாணத்தில், பிவா ஏரிக்கரையில் இப்படிச் செய்கிற `ஃபுனாஸுஷி' இன்றும் கிடைக்கிறது. வாசனை... நம்மூர் கருவாடு பக்கத்தில் நிற்க முடியாது என்கிறார்கள் சாப்பிட்டவர்கள்.

மாதக்கணக்கில் காத்திருக்க நேரமில்லாத ஊர் எடோ. அதுதான் இன்றைய டோக்கியோவின் பழைய பெயர். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஆட்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். கூலி வேலைக்கு வந்த ஆண்கள் ஏராளம். நின்றபடியே நாலு வாய் சாப்பிட்டுவிட்டு ஓடணும். `எதற்குப் புளிக்க வைக்கணும்? சோற்றில் நேரடியாக வினிகரைக் கலந்துவிட்டால் போச்சு' என்று யோசித்து, கையால் பிடித்த சோற்றின்மேல் மீன் துண்டை வைத்துக் கொடுத்தார்கள். இதுதான் `நிகிரி'. 1820-களில் இதைப் பிரபலமாக்கியவர் என்று ஹனாயா யோஹேய் என்பவரைச் சொல்வார்கள். வினிகருக்கும் ஒரு கதை உண்டு. ஹண்டா என்ற ஊரில் நகானோ மட்டாஸேமோன் என்ற சாராய வியாபாரி, அரிசி மது வடித்தபிறகு மிஞ்சும் சக்கையில் இருந்து 1804-ல் மலிவாக வினிகர் தயாரிக்கத் தொடங்கினார். அந்தச் சிவப்பு வினிகர்தான் எடோவின் சுஷிக் கடைகளுக்குப் போனது. அவர் ஆரம்பித்ததுதான் இன்றைய மிஸ்கான் நிறுவனம். கவுன்டரில் உங்கள் முன் வரும் சோறு லேசாகப் பழுப்பாக இருந்தால், `சோறு அடிப்பிடிச்சிடுச்சோ' என நினைக்காதீர்கள். அது அந்தச் சிவப்பு வினிகரின் நிறம்.

ஆக, நிகிரி என்பது அந்தக் காலத்து ஃபாஸ்ட் ஃபுட். செய்த உடனே சாப்பிட வேண்டிய பண்டம். கவுன்டரில் இருக்கிற விதிகளில் பாதி இந்த ஒரு விஷயத்தில் இருந்துதான் வருகிறது.

எடோவுக்குள் இருந்த இந்த ஸ்டைல் ஜப்பான் முழுக்கப் போனதற்கு இரண்டு கஷ்ட காலங்கள் காரணம். 1923-ல் நடந்த பெரும் நிலநடுக்கத்தில் டோக்கியோ நொறுங்கியபோது, கடையை இழந்த சுஷி மாஸ்டர்கள் சொந்த ஊர்களுக்குப் போய்க் கடை போட்டார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்தபிறகு உணவுப் பஞ்சம். 1947-ல் ஹோட்டல்கள் நடத்தவே தடை வந்தது. `வாடிக்கையாளர் ஒரு கப் அரிசி கொண்டுவந்தால், கூலி வாங்கிக்கொண்டு 10 சுஷி பிடித்துக் கொடுக்கிறோம். நாங்கள் சாப்பாடு விற்கவில்லை' என்று சுஷிக் கடைக்காரர்கள் அனுமதி வாங்கிப் பிழைத்தார்கள். நம்ம ஊர் மாவு மில் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

புக்கிங்தான் முதல் பரீட்சை

நல்ல கவுன்டர்களில் 8 முதல் 10 சீட்தான் இருக்கும். பல கடைகளில் மாலை 6 மணிக்கு ஒரு பேட்ச், எட்டரைக்கு ஒரு பேட்ச் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள். `ஒமகாசே' என்றால் `உங்களிடமே விட்டுவிடுகிறேன்' என்று அர்த்தம். என்ன மீன், எந்த வரிசை, எத்தனை துண்டு என்பதெல்லாம் மாஸ்டரின் முடிவு. அன்று காலை டோயோசு மீன் சந்தையில் எது நன்றாக இருந்ததோ, அதுதான் மெனு. (புகழ்பெற்ற ட்ஸுகிஜி மொத்தச் சந்தை 2018 அக்டோபரில் டோயோசுவுக்கு மாறிவிட்டது. ட்ஸுகிஜியில் இப்போது இருப்பது அதன் வெளிப்பக்கக் கடைத்தெரு.)

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டுப் பேருக்கு என்று காலையிலேயே மீன் வாங்கியாச்சு. அதில் இரண்டு பேர் வரவில்லை என்றால் அன்றைய வியாபாரத்தில் கால் பங்கு காலி. மறுநாளைக்கு எடுத்துவைக்கவும் முடியாத சரக்கு. அதனால்தான் கடைசி நேரத்தில் கேன்சல் செய்தால் முழுத் தொகையையும் கார்டில் இருந்து எடுத்துவிடுகிறார்கள். வெளிநாட்டவர் என்றால் சில கடைகள் தயங்குவதற்கும், `தெரிந்தவர் யாராவது அறிமுகப்படுத்தினால்தான் உள்ளே' என்று சொல்வதற்கும் இது ஒரு முக்கியமான காரணம். நியாயமா என்று கேட்டால், ஒழுங்காக வருகிறவருக்கும் கதவைச் சாத்துவது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆனால் புக் செய்துவிட்டு ஷாப்பிங்கில் மறந்துபோகிற டூரிஸ்ட்டுகள்தான் இந்தக் கதவைச் சாத்த வைத்தார்கள் என்பதும் உண்மை.

உங்களுக்கு வழி? டேபிள்செக், ஒமகாசே போன்ற புக்கிங் தளங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. கொஞ்சம் பெரிய ஹோட்டலில் தங்கினால், அங்கே வரவேற்பில் இருப்பவர்களே உங்களுக்காகப் போன் போட்டுக் கேட்பார்கள். இரண்டு மூன்று மாதம் முன்பே முயற்சி பண்ணுங்கள். என்ன சாப்பிட மாட்டீர்கள், என்ன அலர்ஜி என்பதை புக் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். சீட்டில் உட்கார்ந்தபிறகு "எனக்கு இறால் ஆகாது" என்றால், மாஸ்டர் கையில் மாற்று எதுவும் இருக்காது.

சென்ட் வேண்டாம், வாட்ச்சைக் கழற்றுங்கள்

குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு போங்கள். அரை மணி நேரம் முன்னால் போய் நின்றாலும் தொல்லைதான், உள்ளே இடம் இருக்காது. தாமதமானால் உங்களால் எட்டுப் பேரின் சோறும் ஆறும். சோற்றை `ஷாரி' என்பார்கள். ஏறக்குறைய நம் உடம்புச் சூட்டில் பரிமாற வேண்டும் என்பதால், பேட்ச் தொடங்கும் நேரத்தைக் கணக்குப் பண்ணித்தான் சோறு வடிப்பார்கள்.

பெர்ஃப்யூம் வேண்டவே வேண்டாம். அடுத்த சீட் உங்களிடமிருந்து ஒரு முழத்தில் இருக்கிறது. வெள்ளை மீனின் வாசனை அவ்வளவு மெல்லியது. உங்கள் சென்ட்டில் அது காணாமல் போய்விடும். பக்கத்து சீட்காரரும் உங்களைப்போல பல ஆயிரம் கொடுத்துத்தான் வந்திருக்கிறார்.

கவுன்டர் பலகை பெரும்பாலும் ஹினோகி என்கிற ஜப்பானிய சைப்ரஸ் மரம். நீளமான ஒரே பலகையாக இழைத்து, பாலிஷ் எதுவும் போடாமல் வைத்திருப்பார்கள். வாட்ச், பிரேஸ்லெட், மோதிரம் உரசினால் கீறல் விழும். கழற்றிப் பைக்குள் போட்டுவிடுங்கள். போனையும் பலகைமேல் வைக்காதீர்கள். போட்டோ எடுக்கலாமா என்று முதலில் கேளுங்கள். பல கடைகளில் சுஷியை எடுக்கலாம், மாஸ்டரையும் மற்றவர்களையும் எடுக்கக் கூடாது.

சரி என்று சொல்லிவிட்டார்கள். உடனே ஆங்கிள் பார்த்து, லைட் பார்த்து, ஸ்டோரி போட்டு... வேண்டாம் ப்ரோ! உங்கள் முன் வைக்கும் அந்தக் கணத்தில் சோறு சூடு, மீன் குளிர்ச்சி, நோரித் தாள் மொறுமொறுப்பு. அரை நிமிடம் போனால் நோரி நமுத்துவிடும். இரண்டு நிமிடம் போனால் சோறும் மீனும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். நீங்கள் காசு கொடுப்பது அந்த முதல் பத்து விநாடிக்குத்தான். ஒரே ஒரு கிளிக், அப்புறம் வாய்க்குள்.

கையால் சாப்பிடலாமா? தாராளமாக! நமக்கு இது கை வந்த கலை. ஈரத்துண்டு கொடுப்பார்கள், துடைத்துக்கொண்டு விரல்களால் எடுக்கலாம். ரோட்டுக்கடைக் காலத்தில் இருந்தே நிகிரி கையால் சாப்பிடும் பண்டம்தான். சாப்ஸ்டிக்ஸும் தப்பில்லை. ஆனால் மாஸ்டர் சோற்றை உள்ளே காற்று இருக்கும்படி லேசாகத்தான் பிடிக்கிறார். குச்சியால் அழுத்தினால் உதிர்ந்துவிடும். ஒரே வாயில் போட வேண்டும். கடித்துவிட்டு மீதியைத் தட்டில் வைப்பது அழகல்ல.

பெரும்பாலும் சோயா சாஸ் கிண்ணம் தேவையே படாது. சோயா சாஸோடு மது சேர்த்துக் காய்ச்சிய `நிக்கிரி' சாஸை (சுஷியின் பெயரான `நிகிரி' வேறு, குழம்ப வேண்டாம்) மாஸ்டரே பிரஷ்ஷால் தடவித்தான் வைப்பார். வசாபியும் சோற்றுக்கும் மீனுக்கும் நடுவில் ஏற்கெனவே இருக்கும். இந்த வசாபி, நாம் மாலில் பார்க்கிற பச்சைப் பேஸ்ட் கிடையாது. அது பெரும்பாலும் ஹார்ஸ்ராடிஷ் கிழங்கும் கடுகும் கலர் பவுடரும் சேர்ந்த கலவை. நிஜ வசாபிக் கிழங்கைச் சுறாத்தோல் ஒட்டிய பலகையில் உங்கள் கண்முன் தேய்ப்பார்கள். மூக்கைப் பிய்க்காது, லேசான இனிப்போடு வந்து போய்விடும். கால் மணி நேரத்தில் அதன் வாசம் மங்கிவிடும் என்பதால் அவ்வப்போது தேய்க்கிறார்கள். இஞ்சியை (`காரி') சுஷிமேல் வைத்துச் சாப்பிடாதீர்கள். ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் வாயைச் சுத்தப்படுத்த அது.

தட்டில் என்ன வரும்?

பல கடைகளில் முதலில் சின்னச் சின்னக் கறிகள் வரும். அவித்த ஆக்டோபஸ், சுட்ட மீன், அந்த மாதிரி. பிறகு நிகிரி. பொதுவாக மெல்லிய ருசியில் தொடங்கிக் கொழுப்புக்குப் போவார்கள். தட்டை மீன், கணவாய், அப்புறம் சூரையில் மூன்று ரகம். சிவப்புச் சதை `அகாமி', பாதிக் கொழுப்பு `ச்சூட்டோரோ', வயிற்றுப்பக்க முழுக் கொழுப்பு `ஓட்டோரோ'. வாயில் வெண்ணெயாகக் கரைகிற இந்த ஓட்டோரோவுக்குத்தான் இன்று கிராக்கி. எடோ காலத்தில் இதை யாரும் சீந்தவில்லை. ஐஸ் இல்லாத காலத்தில் கொழுப்பு சீக்கிரம் கெட்டுவிடும். `பூனைகூட தாண்டிப் போகும்' என்று கிண்டல் செய்த மீன் அது! அதே சூரை இனத்தில் 278 கிலோ எடையுள்ள ஒன்று, 2019 ஜனவரியில் டோயோசுவின் புத்தாண்டு ஏலத்தில் 33.36 கோடி யென்னுக்குப் போனது. விளம்பரத்துக்காகக் கொடுக்கிற விலைதான், தினசரி விலை அதுவல்ல.

ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் ஒரு கடையை எடைபோடுவது சூரையை வைத்து அல்ல. `கொஹடா' என்று ஒரு மீன் இருக்கிறது. உள்ளங்கை நீளம், வெள்ளி நிறம், முள் அதிகம். பெரிய விலையும் இல்லை. அதைப் பிளந்து உப்பு தூவி, கழுவி, வினிகரில் ஊறவைக்க வேண்டும். எத்தனை நிமிடம் உப்பு, எத்தனை நிமிடம் வினிகர் என்பது அன்றைய மீனின் அளவு, கொழுப்பு, வெயில் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். கொஞ்சம் அதிகமானால் ஊறுகாய், குறைந்தால் கவிச்சி. ஓட்டோரோவைப் பணம் இருந்தால் வாங்கிவிடலாம். கொஹடாவுக்குக் கை வேண்டும்.

`சுஷின்னா பச்சை மீனை வெட்டிச் சோத்து மேல வைக்கிறதுதானே?' என்பவர்களுக்கு இதுதான் பதில். எடோ ஸ்டைலில் பாதிக்கு மேல் பக்குவம். சூரையைச் சோயா சாஸில் ஊறவைப்பார்கள். `அனாகோ' என்கிற கடல் விலாங்கைக் குழைய அவித்து, அந்தத் தண்ணீரையே சுண்டக் காய்ச்சி மேலே தடவுவார்கள். இறாலை அவிப்பார்கள். சில மீன்களை நாள்கணக்கில் குளிரில் வைத்து ருசி ஏற்றுவார்கள். ஜீரோவின் ஆவணப்படத்தில் ஆக்டோபஸை முக்கால் மணி நேரம் கையால் பிசைவதைக் காட்டுவார்கள். அதில் வரும் ஒரு பயிற்சிப் பையன், முட்டை ஆம்லெட் போட்டு 200 தடவைக்கு மேல் `வேண்டாம்' வாங்கியபிறகு ஒருநாள் `சரி' என்ற சொல்லைக் கேட்டு அழுதுவிட்டதாகச் சொல்வார். அந்த ஆம்லெட், `டமாகோ', பெரும்பாலும் கடைசியில் வரும். இறால் விழுது சேர்த்து கேக் மாதிரி இருக்கும். அது வந்தால் சாப்பாடு முடியப்போகிறது என்று அர்த்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் இடது கையால் சாப்பிடுவதை ஜீரோ கவனித்தால், அடுத்த சுஷியை உங்கள் இடது கைக்கு வாகாக வைப்பாராம். கவுன்டர் என்ற ஏற்பாடே அதற்குத்தான். சமையலறைக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு பலகைதான் இடைவெளி. அவர் உங்களைப் பார்க்கிறார், நீங்கள் அவர் கையைப் பார்க்கிறீர்கள்.

அந்தக் கைகள் பெரும்பாலும் ஆண்களின் கைகள்தான் என்பது உறுத்துகிற விஷயம். `பெண்களின் கை சூடு அதிகம், மீன் கெட்டுவிடும்' என்று காலம்காலமாக ஒரு சாக்கு சொல்லி வந்தார்கள். அகிஹபாராவில் 2010-ல் பெண்களே நடத்தும் `நாதெஷிகோ' சுஷிக் கடை வந்தது. இன்னும் பெரிய கவுன்டர்களில் பெண் மாஸ்டர்கள் குறைவுதான்.

யாரெல்லாம் யோசிக்கணும்?

வெஜிடேரியன் என்றால் இந்த அனுபவம் உங்களுக்கானது இல்லை என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். வெள்ளரிக்காய் ரோல் கிடைக்கலாம். ஆனால் சூப்பிலும் குழம்பிலும் `கட்சுவோபுஷி' இருக்கும். சூரை வகை மீனை அவித்து, புகைபோட்டு, கல்லு மாதிரி காயவைத்தது. நம்ம தென்கடலோர மாசிக் கருவாட்டுக்கு அண்ணன் முறை. ஹலால் பார்ப்பவர்களும் முன்கூட்டியே கேளுங்கள், சாஸ்களில் மது சேரும். கர்ப்பமாக இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போக வேண்டாம். பச்சை மீன் ஒரு பக்கம் என்றால், பெரிய சூரையில் பாதரசம் சேர்ந்திருக்கும்.

பச்சை மீனில் புழு இருக்குமா என்ற பயம் நியாயமானதுதான். `அனிசாகிஸ்' என்ற ஒட்டுண்ணி கானாங்கெளுத்தி, கணவாய் போன்றவற்றில் இருக்கலாம். வசாபி, வினிகர், சோயா சாஸ் எதுவும் அதைக் கொல்லாது. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறையவைத்தால் செத்துவிடும் என்கிறது ஜப்பான் சுகாதாரத்துறை. மாஸ்டர்கள் மீனைப் பிளந்ததும் கண்ணாலேயே தேடி எடுப்பார்கள். நல்ல கடையில் ஆபத்து ரொம்பக் குறைவு. ஆனால் சாப்பிட்ட சில மணி நேரத்தில் வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி வந்தால், மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எண்டோஸ்கோப்பி மூலம் எடுத்துவிடுவார்கள்.

சரி, பில்லுக்கு வருவோம்

டோக்கியோவின் பெரிய கவுன்டர்களில் டின்னர் 30,000 யென்னில் தொடங்கி 50,000, 60,000 வரை போகும். ஆளுக்கு 17,000 முதல் 35,000 ரூபாய். குடிக்க என்ன வாங்கினாலும் அது தனி. டிப்ஸ் கிடையாது. மேஜையில் காசு வைத்துவிட்டு வந்தால், `மறந்துட்டீங்க' என்று பின்னாலேயே ஓடிவந்து கொடுப்பார்கள்.

மாதச் சம்பளத்தில் பாதியை ஒரு சாப்பாட்டுக்குக் கொடுக்கணுமா? என்னைக் கேட்டால், முதல் தடவைக்கு வேண்டாம். லஞ்ச் ட்ரை பண்ணுங்கள். பல நல்ல கவுன்டர்கள் மதியத்தில் துண்டுகளைக் குறைத்து, டின்னரில் பாதிக்கும் குறைவான விலையில் அதே மாஸ்டர், அதே சோறு, அதே கொஹடாவைத் தருகின்றன. நின்றுகொண்டே சாப்பிடும் சுஷிக் கடைகள் இன்னும் மலிவு. எடோ தள்ளுவண்டிக்கு அதுதான் நெருக்கம். அதற்கும் கீழே கன்வேயர் பெல்ட் சுஷி இருக்கிறது. பீர் ஃபேக்டரியில் பாட்டில்கள் பெல்ட்டில் ஓடுவதைப் பார்த்து யோஷியாகி ஷிராய்ஷி என்பவர் 1958-ல் ஒசாகா பக்கம் ஆரம்பித்தது. ஒரு தட்டு நூற்றுச் சொச்சம் யென். முதல் நாள் பெல்ட் சுஷி, நாலாம் நாள் கவுன்டர் லஞ்ச் என்று வைத்துக்கொண்டால், சோற்றில் என்ன வித்தியாசம் என்று நாக்குக்கே தெரிந்துவிடும்.

கிளம்பும்போது பில் கேட்க `ஒக்காய்கேய்' என்றால் போதும். `ஓஆய்சோ' என்று யூடியூபில் கற்றுத்தருவார்கள். அது கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சொல், நாம் சொன்னால் கொஞ்சம் ஒருமாதிரிதான் இருக்கும். எழுந்ததும் `கொச்சிசோ-சமா தெஷ்தா' சொல்லுங்கள். `விருந்துக்கு நன்றி' என்று பொருள். பல கடைகளில் மாஸ்டரே வாசல்வரை வந்து குனிந்து வழியனுப்புவார். திருப்பிக் குனிந்துவிட்டு நடையைக் கட்டுங்கள். வாசலில் நின்று செல்ஃபி வேண்டாம். எட்டரை பேட்ச் ஆட்கள் வந்து நிற்கிறார்கள், உள்ளே அடுத்த சோறு தயாராகிக்கொண்டிருக்கிறது.